எழுபத்தெட்டு டிகிரி

சேலையூர்
12.12.2024

அன்புள்ள பிளஸ்ஸி,

ஸ்தோத்திரம். ஜெர்மனியில் குளிர் எப்படி? இங்கே கேம்ப் ரோட்டில் மழைத்தண்ணீர் இன்னும் வடியவில்லை. பொத்தேரி லேபுக்கு ஈரச் செருப்போடுதான் போகிறேன்.

ஈயம் கலக்காத சோலார் செல் கடைசியில் கைகூடிவிட்டதடி! ஈயத்துக்குப் பதில் போடும் வெள்ளீயம் காற்றுப் பட்டால் கெட்டுப்போகிறதே என்று நாலு வருஷம் அழுதேன் அல்லவா? போன மாதம் செய்தவை இருபது நாளாகியும் அப்படியே இருக்கின்றன. நீ கேட்டாயே என்று நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து இந்த மெயிலோடு அனுப்பியிருக்கிறேன். யாருக்கும் காட்டாதே, தீசிஸ் இன்னும் கொடுக்கவில்லை. சூடாக்குவது பற்றி ஒரு விஷயம் நோட்டில் இல்லை. போன் பண்ணு, சொல்கிறேன். சும்மாவாவது பண்ணேன்.

அன்பு அக்கா,
ஜோசலின்

சேலையூர்
3.7.2025

பிளஸ்ஸி,

உன் கட்டுரையைப் பார்த்தேன். என் அளவுகள், என் படங்கள், உன் பெயர். கடைசியில் 'உதவிக்காக ஜோசலினுக்கு நன்றி'. டீ வாங்கிக் கொடுத்தவளுக்குச் சொல்வதுபோல!

"என்னம்மா, பப்ளிஷ் ஆனதையே நீ திரும்ப எழுதிக் குடுத்தா எப்படி ஒத்துக்குவாங்க?" என்கிறார் என் கைடு. காலேஜில் கூடப் பிறந்த தங்கை மாதிரி என் டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்டவள் நீ.

குடும்ப ஜெபத்தில் அம்மா இன்னும் உன் பெயரைச் சொல்கிறார்கள். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதில் எழுது.

ஜோசலின் அக்கா

ஜெர்மனி
20.9.2025

என் அன்பு அக்கா,

ஸ்தோத்திரம். அம்மா சுகமா? உங்கள் கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். பேராசிரியர் அவசரப்படுத்தினார், என் சூழ்நிலை அப்படி.

நோட்டில் உள்ளபடி எழுபத்தெட்டு டிகிரிதான் வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் கெட்டுப்போகிறது. மற்ற லேப்காரர்களும் செல் சரியாக வரவில்லை என்று எழுதுகிறார்கள். அடுத்த வாரம் பேராசிரியர் முன்னால் செய்துகாட்ட வேண்டும். ஒரே ஒரு வரி எழுதுங்கள் அக்கா, எது விட்டுப்போனது?

உங்கள் தங்கை,
பிளஸ்ஸி

சேலையூர்
22.9.2025

பிளஸ்ஸி,

அம்மா சுகம்.

பொத்தேரி லேபில் செல்லைச் சூடாக்கும் ஹாட் பிளேட் எட்டு டிகிரி கூட்டிக் காட்டும். எழுபத்தெட்டு என்றால் எழுபதுதான். அது காட்டுவதை அப்படியே நோட்டில் எழுதுவது என் பழக்கம். அதன் முன்னால் ஒரு நாள் நின்று வேலை செய்திருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும். போனில் சொல்ல இருந்தது இதைத்தான். நீ பண்ணவே இல்லை.

எழுபதில் வை, வரும். இதையே இங்கிலீஷில் எழுதி, தேதி போட்ட என் நோட்டுப் பக்கங்களோடு உன் பேராசிரியருக்கும் அனுப்பிவிட்டேன்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். நேற்று ஜெபத்தில் உன் பெயர் வரவில்லை.

ஜோசலின்