பிரான்சு நேரம் காட்டிய கடிகாரம்

இன்று அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறு. என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் உன் கடிகாரம் இரண்டரை காட்டுகிறது. புதுச்சேரியில் மணி ஆறு. பிரான்சில் இப்போது உண்மையில் ஒன்றரைதான். இன்று விடிவதற்கு முன்பே அங்கே எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். நீ மட்டும் எந்த வருஷமும் தள்ளியதில்லை.

கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. ஞாயிற்றுக்கிழமை அங்கே மூன்று மணிக்குக் கால்பந்து ஆட்டம் என்றால் நமக்கு ஆறரை. இந்த ஞாயிறு முதல் ஏழரை. இதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் வேண்டுமா? ஒவ்வொரு அக்டோபரிலும் நீ ஆறரைக்கே டிவி முன்னால் உட்கார்ந்து விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் ரெட்டியார்பாளையத்திலிருந்து நிதானமாகக் கிளம்பி ஏழரைக்கு உப்பளம் பகுதியில் உன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துவேன்.

"இன்னா முசியே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்பாய், பிரெஞ்சில் 'ஐயா' என்று என்னைக் கேலியாகக் கூப்பிட்டு.

"பிரெஞ்சுக்காரன் நீதானடா. ஒங்க நாட்டு நேரம் ஒனக்கே தெரியலன்னா நான் இன்னா பண்றது?"

நீ சிரிப்பாய். நானும் சிரிப்பேன். என் சிரிப்பில் எப்போதும் கொஞ்சம் விஷம் இருந்தது. அது உனக்குத் தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் போனபோது, அவர்கள் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று சில மாதம் தவணை கொடுத்தார்கள். உன் அப்பா கையெழுத்துப் போட்டார். என் அப்பா போடவில்லை. அதனால் எட்டாவதோடு படிப்பை விட்ட உனக்குப் பாஸ்போர்ட். எம்.ஏ. வரை பிரெஞ்சு படித்த எனக்கு அதன் இலக்கணம். இரண்டு முறை விசா கேட்டேன், இரண்டு முறையும் இல்லை என்றார்கள். நீயோ தம்பியை அனுப்பிவிட்டு நம்மூர் மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாய். ஏன் போகவில்லை என்று கேட்டால், "அங்க குளிரும்டா" என்பாய். அந்த ஒரு பதிலுக்காகவே உன்னை அறைந்திருக்க வேண்டும்.

உன் தம்பி குடியிருக்கும் ஊரின் அணிதான் உன் அணி. முதல் டிவிஷனில் அது இருந்ததே அதிசயம். சீசன் முடிவில் பட்டியலின் அடியில் நிற்கும் அணிகளை இரண்டாவது டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். "கீழ தள்ளுற கோட்டுக்கு மேல இருந்தா போதும். அதான் நமக்குக் கோப்பை" என்பாய். உன் கடைசி சீசனில் ஆகஸ்டிலிருந்தே அவர்கள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடந்தார்கள். அக்டோபரில் ஒரு ஞாயிறு, சொந்த மைதானத்தில், கோல்கீப்பர் கையில் வந்த பந்தைத் தானே உள்ளே விட்டான். நான் வாயை அடக்கவில்லை.

"மே மாசம் ரெண்டாவது டிவிஷன்தான். தம்பிகிட்ட கருப்புத் துணி வாங்கி வெக்கச் சொல்லு."

நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்: "நாங்க கீழ போனாலும் அந்த நாட்டுலதான்டா இருப்போம். ஒங்கப்பாதான் ஒரு கையெழுத்துப் போட பயந்தவரு."

உன் மனைவி உள்ளேயிருந்து, "வயசான காலத்துல ரெண்டு பேருக்கும் வாயப் பாரு" என்று அதட்டினார். நான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறுதான் நேரம் மாறும் ஞாயிறு. சனிக்கிழமை சாயங்காலம் போனை எடுத்தேன். 'நாளைக்கு ஏழரைக்குடா' என்று அடித்தேன். இரண்டே சொல். அனுப்பியிருந்தால் சண்டையும் அதோடு தீர்ந்திருக்கும். அழித்தேன். உட்காரட்டும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் தனியாக உட்காரட்டும்.

ஏழரைக்கு வந்தேன். வழியெல்லாம் உன்னைக் குத்துவதற்கு வாக்கியம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். வாசலில் செருப்புகள் கிடந்தன. உன் மனைவி மாதா கோயில் பூசைக்குப் போய்த் திரும்பியபோது நீ நாற்காலியிலேயே சாய்ந்திருந்தாயாம். பக்கத்து வீட்டு டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கூட ஒரு ஆள் இருந்து உடனே கொண்டுபோயிருந்தால் பிழைக்க வழி இருந்தது என்றாராம். உன் மனைவி என்னிடம், "ஆறரைக்கெல்லாம் ஒக்காந்துட்டாரு அண்ணே. நீங்க வருவீங்க, கதவத் தாழ் போடாதன்னாரு" என்றார்.

டிவியில் அப்போதுதான் ஆட்டம் தொடங்கியது.

உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் போன் இருந்தது. மார்பு வலிக்கும்போது என்னைக் கூப்பிடுவதில் என்ன வீம்பு உனக்கு? கடிகாரத்தை மாட்டத் தெரிந்தவனுக்கு அதன் முள்ளைத் திருப்பத் தெரியாதா? அன்றைக்கு மூச்சை விட்ட உன்னை நாலு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடக்கத்துக்கு உன் தம்பி வந்தான். எல்லார் முன்னாலும் அவனிடம் கத்தினேன். "அங்கயே இருக்க. நேரம் மாறுதுண்ணான்னு ஒரு போன் பண்ண ஒனக்கு வாய் இல்லயா? தெரிஞ்சிருந்தா பூசைக்குப் போய்ட்டு வந்து ஒக்காந்திருப்பான். தனியா இருந்திருக்க மாட்டான்." அவன் அழுதான். "தப்புதான் அண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை அழித்த செய்தியைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பும்போது இந்தக் கடிகாரத்தை அவன்தான் என்னிடம் கொடுத்தான். அண்ணன் ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

அந்த சீசனின் மீதி ஆட்டங்கள் அத்தனையையும் பார்த்தேன். அதுவரை எந்த அணி தோற்க வேண்டுமென்று கும்பிட்டேனோ, அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசி ஆட்டத்திலும் உன் அணி தோற்றது. ஆனால் அதற்குக் கீழே இருந்தவர்களும் தோற்றுத் தொலைத்ததால், கோல் வித்தியாசத்தில் தப்பியது. தகுதியே இல்லாத பிழைப்பு. அணைத்த டிவியைப் பார்த்து அதைத்தான் கத்தினேன். பதிலுக்கு என் அப்பாவை இழுக்க அங்கே ஆளில்லை.

இந்த வருஷமும் அவர்கள் முதல் டிவிஷனில்தான் இருக்கிறார்கள், கோட்டை ஒட்டி. இன்று மூன்று மணிக்கு ஆட்டம். நான் இப்போதே கிளம்புகிறேன். உன் கடிகாரப்படி போனால் ஆறரைக்கு உன் வீட்டில் இருப்பேன். உன் மனைவி பூசைக்குப் போயிருப்பார். கதவு தாழ் போட்டிருக்காது. ஒரு மணி நேரம் உன் நாற்காலிக்குப் பக்கத்தில், விளம்பரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்ததும் அவர், "இந்த வருஷமும் சீக்கிரமே வந்துட்டீங்களே அண்ணே" என்பார். அந்தச் செய்தியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வருஷமும் போகிறேன். வாயைத் திறந்தால், "ஆமாம்மா, நேரம் மாறுனத மறந்துட்டேன்" என்று வருகிறது.

உன் தப்பை என் தப்பு என்று சொல்லிவிட்டு வருகிறேன். என் தப்பு என்னிடமே இருக்கிறது.