விமானம் போனால் போகட்டும்

ஹேவ்லாக், வட கரோலினா
மார்ச் 9

அன்புள்ள கொரினுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீயும் கப்பலில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, இறால் வறுவலைக் குறைக்கச் சொன்னால்தான் கேட்பதில்லை. உன் பழைய படைப்பிரிவைக் கலைத்துவிட்டார்கள். ஓய்வு கொடுத்த ஹாரியர் போர் விமானங்களை ஓடுபாதை ஓரத்தில் நிறுத்திவைத்து, உங்கள் கப்பலில் இன்னும் பறக்கிற ஆறு விமானங்களுக்காக ஒவ்வொரு பாகமாகக் கழற்றுகிறார்கள். கழற்றியதைப் பெட்டியில் கட்டுகிறவள் நான். செவ்வாயன்று ஒரு பாகத்தோடு வந்த சீட்டில், அது போய்ச் சேர வேண்டிய இடமாக உன் விமானத்தின் எண் இருந்தது. கப்பலில் நேராக இறங்க விமானம் அந்தரத்தில் நிற்கும்போது கவிழாமல் காற்றைப் பீய்ச்சுகிற வால்வு அது. சோதித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று கையெழுத்தும் போட்டிருந்தார்கள். இருந்தும் மூன்று சுற்று பஞ்சு வைத்தேன். பக்கத்து மேசை ஓட்டிஸ், “மகளுக்குப் பார்சலா மேடம், அப்படியே நாலு பிஸ்கட்டும் வெச்சுக் கட்டுங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், ஆனால் அந்த வால்வு நல்லதா கெட்டதா என்று எனக்குப் பார்க்கத் தெரியாது. மூடியை ஒட்டி அனுப்பிவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் அப்பா, “இருபது வருஷம் நான் கழட்டி மாட்டின வண்டி, எனக்குத் தெரியாததா, அடுப்புல அவரைக்காய் கருகுது அதப் பாரு” என்றார். அன்று இரவு அவரும் சாப்பிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ சொன்னாயே, “கடைசி வண்டியக் கடல்ல போட்டவள்னு பேர் வாங்க மாட்டேம்மா, எப்படியாச்சும் இறக்கிடுவேன்” என்று. அப்பா பெருமையாக உன் தோளைத் தட்டினார். நான் தட்டுகளைக் கழுவப் போய்விட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். அந்தரத்தில் நிற்கும்போது ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் யோசிப்பதற்கு உனக்கு இரண்டு நொடிகூட இருக்காது என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். விமானத்தைக் காப்பாற்றப் பார்க்காதே. இருக்கையோடு வெளியே தூக்கி வீசுகிற அந்தப் பிடியை இழு, வெளியே வந்துவிடு. எப்படியும் செப்டம்பரில் அதையும் இங்கே கொண்டுவந்து கழற்றத்தான் போகிறார்கள். அப்பாவிடம் கேட்டு எழுதவில்லை, ஆனால் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டுத் தபால்தலையை எடுத்துக்கொடுத்தார்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். காதடைப்பானை மறக்காமல் போட்டுக்கொள். இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரம் ஆகுமாம். அதற்குள் நீ எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பாயோ.

உன் அம்மா,
ரெனிட்டா