உரிமத்தில் இல்லாத கொட்டகை

ஆகஸ்ட் 30, திங்கள்

தேறிவிட்டது! பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த தகவலை என் வீட்டுக்காரர் ராய்ஸ் திரும்பத் திரும்ப என்னை வாசிக்கச் சொன்னார். செடியில் இருக்கும் போதைச்சத்து அரசாங்கம் விதித்த வரம்புக்குள்தான். ஒரு மயிரிழை கூடியிருந்தாலும் மொத்த வயலையும் உழுது மண்ணோடு புதைத்திருக்க வேண்டும். இந்தப் பரபரப்பில் அடுப்பில் சோள ரொட்டி கருகிப்போனது. அதையும் சந்தோஷமாகவே தின்றோம்.

புகையிலைக் கம்பெனி எங்களைக் கைகழுவிய பிறகு எண்ணெய்க்காக வளர்க்கிற இந்த ஹெம்ப் செடிதான் கடைசி வழி. இதுவும் போனால் நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குப் போக வேண்டியதுதான் என்று ராய்ஸ் முன்பே சொல்லிவிட்டார். போகப்போவதில்லை. சட்டப்படி இனி ஒரு மாதத்துக்குள் அறுத்தாக வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 5, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வாசலில் பிரதர் ஓட்டிஸ் பிடித்துக்கொண்டார். பக்கத்து நிலத்துக்காரர், எங்கள் சபையின் மூப்பர். வாய் சும்மா இருக்காது.

“சிஸ்டர் வெர்னா, உங்க வயல் பக்கமிருந்து காத்தடிச்சா என் மாடெல்லாம் சிரிக்குது.”

“உங்களைப் பாத்துச் சிரிச்சிருக்கும், பிரதர்.”

ஹெம்ப் கஞ்சாவுக்குத் தங்கச்சிதான், ஆனால் போதை கிடையாது என்று இவருக்கு எத்தனை தடவை சொல்வது? பிசாசின் பயிர் என்கிறார். அதைவிட அவருக்கு எரிச்சல், அரசாங்க ஆட்கள் வந்து பரிசோதனைக்குச் செடியைக் கிள்ளிக்கொண்டு போனதும், நான் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்ததும். அவர் கொட்டகை வாசலில் ‘உத்தரவின்றி உள்ளே வராதே’ என்று ஒரு பலகை, ஆள் உயரத்துக்கு. தபால்காரர்கூட சாலையிலேயே நின்றுகொள்வார்.

செப்டம்பர் 11, சனி

உடம்பெல்லாம் பிசின். தலைமுடியில், நகக்கண்ணில், ராய்ஸின் புருவத்தில்கூட. எப்படிப்பட்ட நாள்!

விடிந்ததும் அறுக்கத் தொடங்கினோம். புகையிலையைக் கொட்டகையில் காயத் தொங்கவிடுவது போலவே தண்டுகளைக் குச்சியில் கோத்து, உத்தரத்துக்கு உத்தரம் ஏற்றினோம். பாதி வயல்தான் முடிந்தது, எங்கள் கொட்டகை நிரம்பிவிட்டது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் அழாத குறை. அப்போது பிரதர் ஓட்டிஸின் வண்டி வயலுக்குள் வந்து நின்றது. தன் கொட்டகை சும்மாதானே கிடக்கிறது, ஏற்றுங்கள் என்றார்.

இந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். அறுப்பு நேரத்தில் மழை வந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. எந்தக் கொட்டகை காலியோ அது நிரம்பும். ஆனால் அவர், அந்த வயதில், தானே உச்சி உத்தரம் வரை ஏறி, கீழிருந்து நாங்கள் நீட்டியதை வாங்கி வாங்கி மாட்டினார். பிசாசின் பயிர் என்றீர்களே என்று கேட்டுவிட்டேன்.

“பயிர் நனையுறதை எப்படிம்மா பாத்துக்கிட்டு நிக்கிறது?”

கடைசிக் குச்சி ஏறியபோது மழை கொட்டியது. ராய்ஸ் என்னைத் தூக்கிச் சுற்றினார். நிலம் எங்களுடையதுதான், எங்களுடையதேதான்.

செப்டம்பர் 13, திங்கள்

என்ன காரியம் பண்ணிட்டேன். மடச்சி, மடச்சி.

அறுப்பு முடிந்த தகவலைச் சொல்ல உரிம அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எங்களுக்கான இன்ஸ்பெக்டர் கெய்லின். நல்ல பெண். எனக்குத்தான் சந்தோஷம் தலைக்கு ஏறியிருந்தது. மழை, பக்கத்துக் கொட்டகை, உச்சியில் ஏறிய மூப்பர் என்று எல்லாவற்றையும் கதையாகச் சொன்னேன். அவள் குறுக்கிட்டாள்.

“வெர்னாம்மா, அந்தக் கொட்டகை உங்க லைசென்ஸ்ல இருக்கா?”

இல்லை. வயலும் எங்கள் கொட்டகையும்தான் இருக்கின்றன. உரிமத்தில் இல்லாத இடத்தில் ஒரு தண்டுகூட இருக்கக்கூடாது. படித்தேனே, அதைப் படிச்சுக் கையெழுத்தும் போட்டேனே! மழையைப் பாத்ததும் புத்தி புகையிலைக்காலத்துக்குப் போயிடுச்சு.

வெள்ளிக்கிழமை வருகிறாள். அதற்குள் எதையும் தொடக்கூடாது. அரசாங்க ஆட்கள் எந்த நேரமும் சொல்லாமல் உள்ளே வந்து பார்க்கலாம் என்று இடத்தின் சொந்தக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கொட்டகையை உரிமத்தில் சேர்க்கலாமாம். போடாவிட்டால் அங்கே இருப்பதெல்லாம் அழிக்கப்படும். உரிமம் நிலைப்பதும் சந்தேகம்.

யார் கையெழுத்துப் போட வேண்டும்? பிரதர் ஓட்டிஸ். வேறு ஆள் கிடைக்கவில்லையா எனக்கு?

செப்டம்பர் 14, செவ்வாய்

பிளாக்பெர்ரிப் பழங்களை மாவோடு சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

“உதவின்னு கேட்டா உயிரைக்கூடக் கேளும்மா. என் வாசலை அவங்களுக்குத் தொறந்து விடுன்னு கேக்காதே.”

கதவை மரியாதையாகச் சாத்தினார். பாத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 15, புதன்

ராய்ஸ் நிலப் பத்திரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்.

செப்டம்பர் 16, வியாழன்

இதை எழுதியே ஆக வேண்டும்.

பச்சைத் தண்டு தொங்கும் கொட்டகையில் வெயில் ஏறியதும் பக்கவாட்டுப் பலகைகளைத் திறந்துவிட வேண்டும், பொழுது சாய்ந்தால் மூட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். தொடக்கூடாது என்றதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. இன்று பனி விலகியதும் வேலிக்கருகில் நின்று பார்த்தேன் — பலகைகள் வரிசையாகத் திறந்திருக்கின்றன. ராய்ஸா? சத்தியமாக இல்லை என்கிறார். சாயங்காலம் மறுபடி பார்த்தேன். எல்லாம் மூடியிருந்தது.

கையெழுத்துப் போடமாட்டாராம். ஆனால் பயிரைக் கெடவும் விடமாட்டாராம். இந்த மனுஷனை என்ன செய்வது? ஒருவேளை மனம் மாறுவாரோ?

செப்டம்பர் 17, வெள்ளி

கெய்லின் வந்தாள். பிரதர் ஓட்டிஸ் தன் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் அவரைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, கையெழுத்து இல்லையென்றால் கொட்டகையை அடைத்து முத்திரை வைக்க வேண்டும், அழிக்கும் ஆட்கள் திங்களன்று வருவார்கள் என்றாள். அவர் அசையவில்லை. சரி, பக்கவாட்டுப் பலகைகளையாவது நீங்களே மூடிக் கொடுங்கள் ஐயா என்றாள்.

“மூடவா? தண்டு இன்னும் பச்சை. திங்கக்கிழமைக்குள்ள ஊசிப்போயிடும்.”

“எப்படியும் அழியப்போறதுதானே, ஐயா.”

அவர் கொட்டகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கொட்டகையை.

“பேனா வச்சிருக்கியா?”

போட்டார். கல்லில் செதுக்குகிற மாதிரி அழுத்தி அழுத்திப் போட்டார். எனக்கு ஒரு எச்சரிக்கை. இன்னொரு முறை நடந்தால் உரிமம் போகும். போகட்டும் எச்சரிக்கை, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறேன்! கெய்லின் உள்ளே நுழைந்தபோது அவர் பின்னாலேயே போய், எந்தக் குச்சி எப்போது காயும் என்று அவளுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ராய்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதார். நானும்தான்.

ஜனவரி 23, ஞாயிறு

சரக்கு முழுவதும் எண்ணெய் ஆலைக்குப் போய்விட்டது. புது உரிமத்துக்கு எழுதிப்போடுகிறேன். இந்தத் தடவை கொட்டகைகள் இரண்டு. ஆராதனைக்குப் போகும் வழியில் பார்த்தால், பிரதர் ஓட்டிஸ் கொட்டகையின் பக்கவாட்டுப் பலகைகளுக்குப் புதுக் கீல் அடித்துக்கொண்டிருக்கிறார், வேலையே செய்யக்கூடாத ஞாயிற்றுக்கிழமையில். மாடு இன்னும் சிரிக்கிறதா என்று வண்டியிலிருந்தே கேட்டேன். நேரமாகிறது, போ போ என்று கையை ஆட்டினார்.

வாசலில் அந்தப் பலகை அப்படியே இருக்கிறது. ‘உத்தரவின்றி உள்ளே வராதே.’ அதற்குக் கீழே புது வண்ணத்தில், கோணல்மாணலாக: ‘கெய்லின் வரலாம்.’