பாதியில் நின்ற ஆலைப்பாலத்துப் பாட்டு

கார்ஸ் ஃபோர்க், கென்டக்கி
14 அக்டோபர் 1956, ஞாயிறு மதியம்

அன்புள்ள வெர்லிக்கு,

உன் மாமியார் ஓர்ஃபா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கிழிப்பதென்றாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, குளிருக்கு நல்ல கோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு, சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் விலாசம் எனக்குத் தெரியாது. இந்தக் காகிதத்தை உறையில் போட்டு, மேலே ஒன்றும் எழுதாமல் தபாலாபீஸ் நோலாவிடம் கொடுக்கப்போகிறேன். அவள்தான் எழுதி அனுப்புவாள். "டேட்டன்ல எந்தத் தெருன்னு மட்டும் சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டாள். வாயை மூடு என்றேன். எனக்குத் தெரிந்தால் ஹோபர்ட் கேட்கும்போது நான் பொய் சொல்ல வேண்டும். என் மகனுக்காக ஒரு பொய் சொன்னது போதும்.

இங்கே உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன்னாலேயே பீன்ஸைப் பறித்து, நூலில் கோத்து, அடுப்புக்குப் பின்னால் உலரப் போட்டுவிட்டேன். ஆப்பிள் இந்த வருஷம் கொட்டிக் கிடக்கிறது. சபைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து செப்பு அண்டாவில் ஒரு நாள் முழுக்க ஆப்பிள் ஜாம் கிண்டினோம். என் தம்பி ஆர்விலுக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை ஆனால் வயலினைத் தூக்கிக்கொண்டு ரேடியோ நிலையத்துக்கு வந்துவிடுகிறான். நீ நின்று பாடிய இடத்தில் இன்னும் யாரையும் நிறுத்தவில்லை.

ஹோபர்ட் விஷயத்தை நோலா உனக்கு எழுதியிருப்பாள். ஆகஸ்டில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில் முன்னால் போய் முழங்கால் போட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் ஞானஸ்நானம். தண்ணீரிலிருந்து எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். அன்றிலிருந்து ஒன்பது வாரமாகிறது, குடிக்கவில்லை. இது நிஜம். நான் முகர்ந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

அதன்பிறகு ஊரில் ஒரே பேச்சுதான். எப்போது வெர்லி வருகிறாள்? போதகர் எஸ்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், அந்தப் புள்ளைக்கு ஒரு காயிதம் போடுங்க. கெட்டுப்போன குமாரன் திரும்பி வந்துட்டான்னு எழுதுங்க. ஓடி வந்துருவா பாருங்க" என்றார். நானும் எழுத உட்கார்ந்தேன், மூன்று தடவை. 'அவன் மாறிவிட்டான், வந்துவிடு' என்று எழுதி, மூன்று தடவையும் அடுப்பில் போட்டேன். ஏன் போட்டேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் எட்டாம் தேதிதான் தெரிந்தது. சனிக்கிழமை மதிய நிகழ்ச்சி. ஆலைப்பாலத்துப் பாட்டைப் பாடச் சொல்லி வழக்கம்போல நிறையத் தபால் அட்டைகள் வந்திருந்தன. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பாட்டை நான் பாடுகிறேன். அதில் நாலு வருஷம் நீ எனக்கு மேல் ஸ்தாயியில் பாடினாய். ஒருவன் தான் ஆசை வைத்த பெண்ணை ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் ஆலைப்பாலத்துக்குக் கூட்டிப்போவான். கல்யாணம் வேண்டாம் என்பாள். தலைமுடியைப் பிடித்து இழுத்து ஆற்றில் தள்ளுவான். கடைசிச் சரணத்தில் தூக்குமேடையில் நின்று கர்த்தரைக் கூப்பிடுவான், கர்த்தரும் அவனைச் சேர்த்துக்கொள்வார். அந்த இடத்தில்தான் ஜனங்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். அவனுக்காக அழுவார்கள். அந்தப் பெண்ணுக்குப் பாட்டில் ஒரு பேர்கூடக் கிடையாது. இத்தனை வருஷம் பாடியும் எனக்கு அது உறைக்கவில்லை பார்.

அன்றைக்கு முன் வரிசையில் ஒரு புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ, இந்தப் பள்ளத்தாக்கு ஆட்கள் இல்லை. நான் மூன்றாம் சரணத்துக்கு வந்ததும் அந்த ஆள் விளையாட்டாக அவள் பின்னங்கழுத்தில் கையை வைத்து, கூந்தலைச் சுருட்டிப் பிடித்து லேசாக ஆட்டினான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். வெர்லி, அது நீ பார்த்த பார்வை. மார்ச் மாதத்தில் கன்னத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்று அதே சரணத்தைப் பாடினாயே, உன் குரல் நூல் மாதிரி இழுபட்டதே, அன்றைக்குப் பார்த்த பார்வை. உனக்கு ஜலதோஷம் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பாட்டு நின்றுவிட்டது. ஆர்வில் வயலினில் ஒரு சுற்று வாசித்து எனக்காகக் காத்திருந்தான். இன்னொரு சுற்று வாசித்தான். எனக்கு வாய் திறக்கவில்லை. திறந்தபோது பாட்டு வரவில்லை. மைக்கில் இப்படிச் சொன்னேன்: "இதுக்கு மேல எனக்குப் பாட வரல. ஏப்ரல்ல என் மருமக வெர்லிக்குக் கை ஒடஞ்சது படியில விழுந்து இல்ல. என் மகன் அடுப்புக் கம்பியால அடிச்சான். படியில விழுந்துட்டாள்னு டாக்டர்கிட்ட சொன்னது நான்தான். அவ அங்கேயே கட்டில்ல படுத்துக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டு இருந்தா. அப்பறம் பஸ் ஏறிப் போயிட்டா."

அவ்வளவுதான். நிலைய மேலாளர் குவில்லன் மைக்கை மூடிவிட்டு மாவு விளம்பரத்தைப் போட்டார். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார். "ஓர்ஃபாம்மா, இது ரேடியோ. சாட்சி சொல்ற கூட்டம் இல்ல" என்றார். "சாட்சி சொல்ல எடம் பாத்துக்கிட்டே அஞ்சு மாசம் போயிருச்சு. அதான் கெடைச்ச எடத்துல சொல்லிட்டேன்" என்றேன். அடுத்த வாரம் வர வேண்டாம் என்றார்.

நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஹோபர்ட் சமையலறையில் நின்றுகொண்டிருந்தான். சுரங்கத்து ஆட்களோடு கடை வாசலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். "ஊரே கேக்க என் மானத்த வாங்கிட்டியேம்மா. நான் மாறிட்டேன்னு உனக்குத் தெரியும்ல? கடவுளே என்ன மன்னிச்சிட்டாரு. அவளுக்கு மட்டும் என்னவாம்?" என்றான். எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ தெரியாது. "அவரு மன்னிச்சிருப்பாருடா. நீ அவரு கையையா ஒடச்ச?" என்றேன்.

அவன் கண் அடுப்புப் பக்கம் போனது. என் கண்ணும் போனது. கம்பி அங்கேதான் சாத்தியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெற்ற மகனுக்கு முன்னால் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். நான்கு வருஷம் ஒவ்வொரு நாளும் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துகொண்டேன். பிறகு அவன் வெளியே போய்விட்டான். வாசலில் இருந்த வாளி ஒன்று உருண்டது. ஆர்வில் வீட்டில் போய்த் தங்கிக்கொண்டான். குடிக்கவில்லை என்று ஆர்வில் சொன்னான்.

போதகர் எஸ்டில் திங்கட்கிழமையே வந்துவிட்டார். ஏழெழுபது தடவை மன்னிக்கச் சொல்லி ஆண்டவர் கட்டளை கொடுத்திருக்கிறார் என்று ஆரம்பித்தார். "கொடுத்திருக்காரு பிரதர். ஆனா அதே வீட்டுக்குள்ள உக்காந்துதான் மன்னிக்கணும்னு எங்க சொல்லியிருக்காரு? வசனத்தக் காட்டுங்க" என்றேன். வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் புரட்டினார். காபியைக் குடித்துவிட்டு, "யோசிக்கிறேன் சிஸ்டர்" என்று எழுந்து போனார். அவரையும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு உன்னைத் திரும்ப அழைக்கச் சொல்லி அவர் யாரிடமும் பேசவில்லை.

செப்டம்பர் கடைசியில் உன் வக்கீலிடமிருந்து விவாகரத்துக் காகிதம் வந்தது. அடித்ததை நேரில் கண்ட சாட்சி வேண்டுமாம். அன்று அந்த அறையில் நம் மூன்று பேரைத் தவிர யார் இருந்தார்கள்? கோர்ட்டுக்கு வந்து சொல்கிறேன் என்று அவருக்கு நானே எழுதிப் போட்டேன்.

அக்டோபர் நாலாம் தேதி காலையில் நான் தொப்பியை வைத்துக்கொண்டு கிளம்பினால் வாசலில் ஹோபர்ட்டின் லாரி நிற்கிறது. எப்படித் தெரிந்ததோ. "ஏறும்மா. ஒம்பது மைல் நடந்தா போவ?" என்றான். கோர்ட் வாசலில் இறக்கிவிட்டு, "என்ன சொல்லப்போற?" என்று மட்டும் கேட்டான். நடந்ததை என்றேன். தலையை ஆட்டினான். உள்ளே வரவில்லை.

உள்ளே ஒரு மணி நேரம் ஆனது. தேதி, கிழமை, கம்பியின் நீளம், எத்தனை அடி, நான் எங்கே நின்றேன், எல்லாம் கேட்டார்கள். நான் எங்கே நின்றேன் என்பதற்குத்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. கதவுக்கும் உனக்கும் நடுவில் நின்றேன் என்று சொன்னேன். கதவைத் திறந்துவிடாமல் நின்றேன் என்றும் சொன்னேன். டைப் அடித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தால் அவன் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு லாரியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். "எல்லாம் சொல்லிட்டியா?" என்றான். சொல்லிவிட்டேன் என்றேன். "கம்பிய?" அதையும் என்றேன். பாலத்தண்டை வந்ததும் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதான். ஆற்றில் முங்கி எழுந்தபோது அழுத அழுகை வேறு. அன்று பத்துப் பேர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். இந்தத் தடவை நான்கூடத் தட்டவில்லை. அழுது முடித்து, "நான் எதுத்துப் பேசப்போறதில்லம்மா. கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றான். போட்டும்விட்டான்.

இதையெல்லாம் உன் மனம் இளகட்டும் என்று எழுதவில்லை வெர்லி. நன்றாகக் கேட்டுக்கொள். அவன் நல்லவனாக ஆனால் சந்தோஷம். அது என் பாடு, அவன் பாடு, கர்த்தர் பாடு. அதற்கு நீ திரும்பி வந்து சோதனை எலியாக இருக்க வேண்டாம்.

ரேடியோ சமாச்சாரம் ஒன்று மிச்சமிருக்கிறது. நான் போகாத இரண்டு வாரத்தில் குவில்லனுக்கு மூட்டையாக அட்டைகள் வந்தன. பாதிப் பேர் என்னைக் காறித் துப்பியிருந்தார்கள், பெற்ற மகனைக் காட்டிக்கொடுத்தவள் என்று. மீதிப் பேர் எப்போது வருவாள் என்று கேட்டிருந்தார்கள். குவில்லன் தலையைச் சொறிந்துகொண்டு என்னை வந்து கூப்பிட்டார். அந்தப் பாட்டை மட்டும் இனிமேல் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அந்த அட்டைகளில் ஒன்று பென்சிலில் எழுதியது. பேர் இல்லை, ஊர் இல்லை. ஒரே ஒரு வரி: 'உங்கள் மருமகள் எந்த பஸ்ஸில் போனாள்?'

வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். உன் மாமனார் உயிரோடு இருந்த காலத்தில் நானும் இரண்டு தடவை பஸ் நிற்கும் இடம்வரை போய்த் திரும்பியவள்தான். உனக்கு நான் அதைச் சொன்னதில்லை. யாருக்கும் சொன்னதில்லை.

பதில் போட விலாசம் இல்லையே. அதனால் செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி, ஒரு ஞானப்பாட்டைப் பாடி முடித்ததும், சாவு அறிவிப்பும் சபை விருந்து அறிவிப்பும் படிப்பேனே, அதோடு சேர்த்து, அதே குரலில் படித்தேன்: "வடக்க டேட்டனுக்குப் போற பஸ் மருந்துக்கடை முன்னால காலைல ஏழு பத்துக்குப் பொறப்படும். திங்கள்லேருந்து சனி வரைக்கும். ஞாயித்துக்கெழம கெடையாது." பஸ் கம்பெனிக்கு இலவச விளம்பரமா என்று குவில்லன் முறைத்தார். ஆர்வில் மட்டும் வயலினுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

போன புதன்கிழமை அந்த பஸ்ஸில் ஒரு பெண் தலையணை உறையில் துணிகளைத் திணித்துக்கொண்டு, இரண்டு குழந்தைகளோடு ஏறினாளாம். நோலா பார்த்திருக்கிறாள். யார் என்று நான் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் படிக்கிறேன்.

உன் மணிக்கட்டு சரியாகக் கூடிவிட்டதா? கிட்டாரில் விரல் வளைகிறதா? அந்த ஊரில் நம் மலைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாமே. சபையிலோ யார் வீட்டிலோ கூடிப் பாடினால் நீயும் போய்ப் பாடு. எங்கள் வீட்டின்மேல் உள்ள வெறுப்பைப் பாட்டின்மேல் காட்டிவிடாதே. ஆப்பிள் ஜாம் ஜாடி இரண்டு நோலாவிடம் கொடுத்திருக்கிறேன். உடையாமல் வந்து சேர்ந்தால் சரி.

நவம்பரில் தீர்ப்பு வந்துவிடும் என்று வக்கீல் சொன்னார். அதற்குப் பிறகு நீ எனக்கு மருமகள் இல்லை. உனக்குக் காகிதம் போடக்கூட எனக்கு உரிமை இருக்காது. நீ எனக்கு யாரோ ஒருத்தியாக ஆகிற அந்த நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறேன், மகளே. கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பாராக.

அதுவரைக்கும் உன் மாமியார்,
ஓர்ஃபா ஸ்டிட்ஹம்