சிவப்பா, நீலமா?

அங்கிள்,

இன்று மதியம் பையிலிருந்து கேம் கன்ட்ரோலரை எடுத்தபோது, நீங்கள் சுற்றிய சிவப்பு டேப்பின் பசை என் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. வெயில் ஏறினால் அது இளகிவிடும். அடுகோடி ஏரியாவில் டேவிட் அண்ணாவின் மெக்கானிக் கடையில், ஆயில் வாசனைக்கும் ஆண்கள் கூட்டத்துக்கும் நடுவே நின்று அதை முகர்ந்து பார்த்தேன். உங்கள் வீட்டு ஹால் வாசனை வந்தது. உடனே உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. அங்கே முடியவில்லை, வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

ஒன்பதாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு, அம்மாவோடு பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் உங்கள் வீட்டு வேலைக்கு வந்த புதிதில், எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவதோடு சரி நான். நீங்களும் வற்புறுத்தவில்லை. வெளிநாட்டிலிருந்து உங்கள் மகன் கேம் பெட்டி அனுப்பிய அன்றுதான் எல்லாம் மாறியது. டிவியில் அந்தப் பழைய சண்டை ஆட்டம் வந்ததும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தீர்கள். "ஏய் கண்ணு, இது என் வீடியோ கேம் கடையில இருந்த மெஷின்!"

துடைப்பத்தைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுக் கதை சொன்னீர்கள். ஜப்பானில் இரண்டு கம்பெனிகள். ஒன்றில் சண்டை ஆட்டம் செய்த சிலர் விலகி அடுத்ததற்குப் போனார்கள். அங்கிருந்தும் சண்டை ஆட்டங்கள் வரத் தொடங்கின. பழைய கம்பெனி சும்மா இருக்குமா? எதிராளியின் வீரன் ஜாடையில் ஒரு சொத்தை ஆளை வரைந்து, கிண்டலுக்கென்றே தன் ஆட்டத்தில் விட்டது. "ரசிகர் மன்றச் சண்டை மாதிரிதான். ஆனா இங்க சண்டை போட்டது கம்பெனிக்காரனுங்களே!" என்று தொடையில் தட்டிச் சிரித்தீர்கள். அப்புறம் எப்படியோ கைகுலுக்கிக்கொண்டு, இரண்டு பக்கத்து வீரர்களையும் ஒரே ஆட்டத்தில் இறக்கினார்கள். முதலில் கையில் வைத்து விளையாடும் சின்னக் கருவியில். பிறகு உங்கள் கடைக்கு வந்த பெரிய மெஷினில். அதற்கடுத்து இன்னும் பெரிதாக ஒன்று. அதோடு மெல்ல நின்றுபோனது. பல வருடம் கழித்து இப்போதுதான் பழையதையெல்லாம் தூசி தட்டி, ஒரே கட்டாக விற்கிறார்கள்.

மெஷின் வந்ததும் உங்கள் கடையில் நீங்கள் செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பக்கத்து ஜாய்ஸ்டிக் குச்சி ஒரு கம்பெனிக்கு, மறுபக்கத்துக் குச்சி இன்னொரு கம்பெனிக்கு என்று நீங்களாகவே முடிவு கட்டினீர்கள். ஒன்றுக்குச் சிவப்பு டேப், மற்றதற்கு நீலம். மேலே ஒரு போர்டு வேறு. ஆட வருகிறவன் எந்தப் பக்கம் என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும், அப்போதுதான் டோக்கன். நடுவில் நீங்கள், நடுவராக.

அதே சட்டத்தை நம் இருவருக்கும் போட்டீர்கள். கன்ட்ரோலர்களுக்கும் டேப் சுற்றினீர்கள். எனக்குச் சிவப்பு. ஆட வந்தது, கத்த வரவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு, "கேக்கலையே" என்பீர்கள். சமையலறையில் பிஸ்கட் டப்பா திறக்கிற சத்தம்கூடக் கேட்கிற காது அது! நான் கன்ட்ரோலரைத் தூக்கிக் காட்டுவேன். "சரி, இன்னைக்கு மட்டும்" என்று தினமும் விடுவீர்கள்.

தோற்றவர் டீ போட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். அம்மா பதறுவாள். "வேலைக்கு வந்த எடத்துல ஐயாவ டீ போட வெக்கிறியேடி!"

"உன் பொண்ணு தோக்க மாட்டேங்கிறாம்மா, நான் என்ன பண்றது?" என்றபடி இஞ்சி தட்டுவீர்கள்.

ஒருநாள் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிதாகத் தும்மினீர்கள். விரல் தவறியது. உங்கள் நீல அணியில் என் பக்கத்து வீரன் ஒருவன் வந்து நின்றான். இருவரும் டிவியையே பார்த்தோம். "எல்லை தாண்டிட்டானே! மெஷின் விடுதே!" அந்தக் காலத்தில் உங்கள் கடையே கதியென்று கிடந்த டேவிட் அண்ணாவுக்கு உடனே போன் போட்டீர்கள், ஸ்பீக்கரில்.

"டேய் டேவிட், ரெண்டு கம்பெனி ஆளையும் கலந்து எடுக்கலாம்டா!"

ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அங்கிள்... அது எங்களுக்கு முதல் நாளே தெரியும்."

"என்னது?"

"நீங்க சாப்பிடப் போனா கலந்துதான் ஆடுவோம். நீங்க வந்ததும் கட்சி பிரிஞ்சிடுவோம். போர்டெல்லாம் எழுதி ஆசையா மாட்டியிருந்தீங்க. சும்னே வெட்டியா எதுக்கு உங்க மனச கெடுக்கணும்னு விட்டுட்டோம்."

"திருட்டுப் பசங்களா!" என்று இருமல் வரும்வரை சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டேன், வாய்விட்டு. நீங்கள் சட்டென்று திரும்பி, "பாரு, உள்ள சத்தம் இருக்கு!" என்றீர்கள்.

போன மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் மகன் கேம் பெட்டியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

இன்று உங்கள் நினைவாக டேவிட் அண்ணா போட்டி வைத்தார். அவர் சொன்ன நாளிலிருந்து எனக்கு அதில் ஆட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ஆனால் சட்டம் உங்கள் சட்டம்: கத்தாதவர்களுக்கு ஆட்டம் இல்லை. என் முறை வந்ததும் வழக்கம்போல் கன்ட்ரோலரைத் தூக்கிக் காட்டினேன்.

"அது அங்கிள்கிட்ட செல்லும் தங்கச்சி. இங்க செல்லாது." டேவிட் அண்ணா காதில் கையை வைத்தார், அப்படியே உங்களைப் போல. "சிவப்பா, நீலமா? கேக்கலையே!"

"பாப்பாவுக்கு யாராச்சும் மைக் குடுங்கப்பா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. அப்போது உங்கள் தும்மல் ஞாபகம் வந்தது.

"ரெண்டும்!" என்று கத்தினேன்.

கடையே திரும்பிப் பார்த்தது. டேவிட் அண்ணா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பு. மூன்று பேர் அணிக்குச் சிவப்பில் இருவர், நீலத்தில் ஒருவர் என எடுத்தேன். முதல் ஆட்டம் ஜெயித்தேன். அடுத்ததில், மைக் கேட்ட அதே ஆளிடம் நன்றாக அடி வாங்கினேன்.

டேப்பை மாற்றப் போவதில்லை, அங்கிள். பசை ஒட்டினால் ஒட்டட்டும்.

தோற்றவர் டீ போட வேண்டுமே? போட்டேன். கடை மொத்தத்துக்கும். யார் யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி நானே கேட்டேன்.