பஸ்ஸில் மட்டும் தாத்தா

ஏழு மலைக்குக் கேட்கிற குரலில் என்னைத் திட்டி வளர்த்த என் அன்பு அண்ணே,

மேலுலகத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நான் கொதித்துப்போய் இருக்கிறேன். என் கோபத்தில் கண்டி வாவியே வெந்நீராகி, மீனெல்லாம் குழம்பாகிவிட்டன.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் சிவாவும் பேத்தி தாரணியும் நானும் வத்தேகமவிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போனோம். பிள்ளை என் பக்கத்தில், சிவா முன் சீட்டில். நடுவழியில் அவள் மெதுவாக, “தாத்தா” என்றாள். இலங்கையிலேயே அழகான தாத்தா நான்தானே? “என்னடா தங்கம்?” என்று திரும்பினேன். என் காதோடு சொன்னாள்: “உங்கள இல்ல. அப்பாவ.”

அண்ணே, இது உங்கள் வேலை. நம் கடையை எரித்த அந்த எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, சிவா பஸ்ஸில் ‘அப்பா’ என்றால் தமிழர் என்று தெரிந்துவிடும் என்று பயந்தீர்கள். சிங்களப் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடுவதுபோல் ‘தாத்தா’ என்று கூப்பிடப் பழக்கினீர்கள். இருபத்தெட்டு வயதில் தாத்தாவான மகாபுருஷர் என்று நான் கேலி செய்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உண்மையாகவே தாத்தாவானபோது நீங்கள் உயிரோடு இல்லை.

இறங்கியதும் சிவாவைப் பிடித்துக்கொண்டேன். “பழகிருச்சு சித்தப்பா. வீட்டுல அப்பா, பஸ்ஸுல தாத்தா. யோசிச்சு சொல்லிக் குடுக்கல” என்றான்.

யோசிக்காமலே! கொளுத்தினவன் எவனாவது தன் பிள்ளைக்கு வெட்கத்தைச் சொல்லிக்கொடுத்தானா? அவன் வீட்டில் எல்லாம் மறந்தே போயிருக்கும். பயந்தவன் வீட்டில் மட்டும் ஏன் அண்ணே, மூன்றாம் தலைமுறைக்கும் பாடம் நடக்கிறது?

உங்களை மட்டும் திட்டி என்ன பயன்? கருகின பெயர்ப்பலகையைச் சுரண்டி, மறுபடியும் தமிழில் பெயர் எழுதிக் கடை திறந்தவரும் நீங்கள்தானே. அந்தத் துணிச்சலும் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே?

திரும்பி வரும்போது பிள்ளையிடம் வழக்குப் போட்டேன். “தாத்தாங்கிறது என் பட்டம். ஒங்கப்பன் அதப் புடுங்கலாமா?”

கீழுதட்டைக் கடித்து யோசித்தாள், அச்சு அசல் நீங்கள். பிறகு பஸ் கூரை பறக்கிற மாதிரி, “அப்பா” என்றாள்.

சிவா முதலில் பார்த்தது மகளை அல்ல, சுற்றியிருந்த முகங்களை. உங்கள் அதே பார்வை. ஒருவரும் திரும்பவில்லை. கண்டக்டர் வாசலில் தொங்கியபடி யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா?” என்றான்.

“ஒண்ணுமில்ல. சும்மா கூப்ட்டேன்.”

சும்மா கூப்பிடுவது! சிவாவுக்கு அந்த வயதில் அது கிடைத்ததா, அண்ணே? யாரிடம் போய்க் கேட்பது?

இனி அந்தப் பிள்ளை போகிற பஸ்ஸில் எல்லாம் நானும் ஏறுவேன். அவள் கூப்பிடத் தயங்கினால், நான் முந்திக்கொண்டு ஊரே கேட்க ‘அண்ணே’ என்று உங்களைக் கூப்பிடுவேன். சத்தியம். நீங்கள் சுற்றிலும் பார்க்காமல், நேரே என்னைத் திரும்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பதிலாகத் தாத்தா உத்தியோகம் பார்க்கும்,
உங்கள் தம்பி