பத்தாவது வரி

மார்ச் 27, வெள்ளி
வெயில் கடுமை. கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் விட்டாச்சு. எழுத்து ஒரு வரி ஏறுது, ஒரு வரி இறங்குது. நோட்டே, பொறுத்துக்கொள். எழுபத்தொரு வயதில் பிடித்த பேனா. மாலை வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம்தான்.

பேத்தி ரோஸ்லின் வந்திருக்கிறாள். காலேஜில் நாடகப் படிப்பு, அதில் லைட் பிரிவு. நாளையும் மறுநாளும் நம் கோயில் மைதானத்தில் பாஸ்கா நாடகம், ஆண்டவர் பாடுபட்ட கதை. லைட் முழுதும் அவள் பொறுப்பு. மார்க் போட அவள் சார் வருகிறார்.

சுவிட்ச் தட்டுகிற வேலை என்று இருந்தேன். அதிர்ந்துவிட்டேன். கம்பியில் ஏறி ஒவ்வொரு விளக்கையும் அவளே கட்டுகிறாள்.
"தாத்தா, கீழ நிக்காதீங்க. பதினஞ்சு கிலோ."
"விழுமா?"
"விழக்கூடாதுன்னுதான் சங்கிலி. விழுந்தா என்னையத்தான் கேப்பாங்க."

எந்தக் காட்சிக்கு எந்த லைட் என்று ஒரு தாள். எனக்கும் ஒன்று தந்தாள். தோட்டம், நீலம். முள்முடி, சிவப்பு. ஒன்பது வரி நானே படித்தேன்! பிறகு கண் கரித்தது. மடித்து வைத்தேன்.

மார்ச் 28, சனி
சிலுவையில் ஆண்டவர் தலை சாய்ந்தார். எல்லா விளக்கும் போச்சு. கரண்ட் போய்விட்டது, பாவம் ஆண்டவர் இருட்டில் தொங்குகிறாரே என்று முன்வரிசையில் இருந்து செல்லில் டார்ச் போட்டேன். பக்கத்தில் ஒன்று. பின்னால் நூறு. "ஜெனரேட்டரப் போடுங்கடா!" மைதானம் பூரா டியூப்லைட். செத்த ஆண்டவர் கண்ணைச் சுருக்கினார். ஊரே சிரிப்பு.

ரோஸ்லின் அழவில்லை. அதுதான் பயம். வீட்டில் தாளைப் பிரித்தேன். பத்தாவது வரி: மரணம், முழு இருட்டு. இருபது எண்ணவும்.

சார் சொன்னாராம்: "சனம் என்ன செய்யும்னு யோசிக்கிறதும் உன் பொறுப்புதாம்மா. நாளைக்குப் பாத்துட்டு மார்க் போடுறேன்."
பழி அவள் தலையில். டார்ச் போட்டது நான் என்று சொல்லாமல் தாளை மடித்தேன்.

மார்ச் 29, ஞாயிறு
சார்ட் அட்டை ஒன்று. "கடைசியில் இருட்டு வரும். கரண்ட் போகவில்லை. டார்ச் போடாதீர்கள்." எழுத ஒரு மணி நேரம். மைதான வாசலில் கட்டினேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே படித்துச் சொன்னேன். நான்!
பக்கத்து வீட்டு சவரி: "ஒன் எழுத்தப் பாத்தாலே இருட்டிக்கிட்டு வருதுய்யா."

இருட்டு வந்தது. ஒரு டார்ச் இல்லை. எண்ணினேன். பதிமூன்றில் யாரோ விம்மினார்கள். என் கை சட்டைப் பையை அழுத்தியபடி. இருட்டையும் ஒருத்தி செய்ய வேண்டியிருக்கிறதே!

சார் அவளுக்குக் கை கொடுத்தார். பிறகு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"நேத்து மொதல் வெளிச்சம் முன்வரிசைலேருந்து வந்துச்சு, தாத்தா."
"அப்படியா?" என்றேன்.

காலை பஸ்ஸுக்குப் போகிறாள். அடுத்த வாரம் அவள் ஹாஸ்டலுக்கு எழுதுவேன், என் முதல் கடிதம். முன்வரிசை ஆள் நான்தான் என்று.